விறகு பிளக்கும் எந்திரமும் வீரய்யாவின் கையும்

எண்ணெய் விலை ஏறியதிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைகள் பல மறுபடியும் விறகு அடுப்புக்கு மாறிவிட்டன. போன மாதம் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பார்க்கும் இளம் எஞ்சினியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். விறகு பிளக்க வெளிநாட்டு எந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். "நீங்க அந்தக் காலத்திலேயே இதச் சொந்தமா செஞ்சீங்கன்னு சொல்றாங்களே, எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க ஐயா. எங்க ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றார்.

எப்படிச் செய்தேன் என்பதை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். செய்தபின் நடந்ததையும் எழுதினால்தான் அவருடைய ஆட்களுக்கு உதவும். தோட்டத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போய்த் தேட வேண்டாம், அது அங்கே இல்லை. ஹாலிஎல ஸ்டேஷனுக்கு மேலே, லொறி மூச்சு வாங்கி ஏறும் ஒரு மலையில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 1948இல் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் சேர்ந்தேன். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து பறித்தவர். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவனாகத் தொடங்கி, பதுளையில் ஒரு கராஜில் இரண்டு வருஷம் பழகிவிட்டு வந்து, பிட்டர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், தொழில் படித்தேன். கொழுந்தை உருட்டும் ரோலர், உலர்த்தும் ட்ரையர், எல்லாவற்றையும் ஓட்டும் பெரிய டீசல் எஞ்சின், கூரையடியில் ஸ்டோரின் நீளத்துக்கும் சுழலும் இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும் தோல் வார், எல்லாம் என் பொறுப்பு.

எனக்கு மேலே இருந்தவர், ஸ்டோருக்கும் அதில் ஆகும் தூளுக்கும் பொறுப்பான டீமேக்கர் கணேசலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் ஒரு சிறு வெப்பமானி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது பிழையாகிப்போனால் அந்த எந்திரத்தின் முன்னால் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேட்பார்.

"இந்த நட்டை எப்ப இறுக்கினனீர்?"

"நேத்துங்க."

"இறுக்கேக்க எஞ்சின் ஓடினதோ, நிண்டதோ?"

பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். நான்காவது கேள்வியில் தவறு என்னுடையது என்று நானே சொல்லிவிட்டிருப்பேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். தொழிலாளிகளை 'நீ' என்று அழைக்காத ஒரே உத்தியோகத்தர் அந்தத் தோட்டத்தில் அவர்தான். எல்லோருக்கும் 'நீர்'தான். எந்திரங்களோடு வந்த விளக்கப் புத்தகங்களுக்கெல்லாம் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் பத்திரிகை படிக்கும் நேரத்தில் அவர் அதில் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார்.

ட்ரையருக்கு வேண்டிய சூட்டை விறகு அடுப்பு கொடுத்தது. சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும். கூடினால் தூள் கருகும், குறைந்தால் தேநீரில் ருசி இருக்காது. விறகு ஒரே பருமனில் இருந்தால்தான் சூடு நிற்கும். மலையில் வெட்டிய யூகலிப்டஸ் மரங்களைத் துண்டுபோட்டு ஸ்டோர் முற்றத்தில் இறக்குவார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் கோடாலியாலும், ஆப்பு வைத்துச் சம்மட்டியாலும் அவற்றைப் பிளக்கும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் வீரய்யா. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். கட்டையின் வெட்டு முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இவன் இந்தப் பக்கம் தொறப்பான்" என்று சொல்லி ஓங்குவார். அவர் சொன்ன பக்கம்தான் திறக்கும். என்னைத் தம்பி என்பார். நான் அவரை அண்ணே என்பேன். தொழிலாளர் அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரே லயத்தில், அவர் வீட்டிலிருந்து நாலு காம்பரா தள்ளி வளர்ந்தவன் நான்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. சம்மட்டி அடித்து அடித்துத் தலை விரிந்த ஆப்பிலிருந்து ஒரு சிலும்பு பறந்து கண்ணில் பாய்ந்தது. மறுநாள் டீமேக்கர் ஐயா முற்றத்துக்கு வந்து அந்த ஆப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இரும்பை இரும்பால அடிக்காமல் விறகு பிளக்க ஏலாதோ?"

"தள்ளிப் பொளக்கலாங்க ஐயா. மெதுவாத் தள்ளுனா சிலும்பு பறக்காது. ஆனா அவ்வளவு பலம் வேணும்."

"அவ்வளவு பலம் எதில இருக்கு?"

யோசித்துவிட்டு, டிப்பர் லொறியில் இருக்கிறது என்றேன். பதுளையில் நான் பழகிய கராஜின் பின்பக்கம் யுத்தகாலத்து டிப்பர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மண் நிரம்பிய தொட்டியை எண்ணெய் அமுக்கத்தால் தூக்கும் உருளை அதன் அடியில் அப்படியே இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டுவர, தோட்டத்து மானேஜரான துரையிடம் அனுமதி வாங்கித் தந்தார்.

எஞ்சினியர் கேட்டது இந்தப் பகுதிதான். இரண்டு மாதம் ஆயிற்று. கொழுந்து மூட்டை இறக்கிய பழைய கம்பிப்பாதையின் இரும்பு உத்திரங்கள் இரண்டை அருகருகே படுக்கவைத்து, குறுக்குத் தகடுகளால் பிணைத்துச் சட்டமாக்கினேன். ஒரு முனையில் உருளையைப் படுக்கைவாட்டில் பொருத்தினேன். மறு முனையில் கனத்த எஃகில் செய்த ஆப்பை நிறுத்தினேன். உருளையின் தண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டுபோய் ஆப்பில் அமுக்கும். டிப்பரின் பம்பையே சட்டத்தின் பக்கத்தில் வைத்து, சுவரைத் துளைத்து, ஸ்டோருக்குள் சுழலும் தண்டிலிருந்து வார் இழுத்து ஓட்டினேன்.

ஒரு சிக்கல் வந்தது. டிப்பர் உருளை ஒரு பக்கம் மட்டும்தான் தள்ளும். திரும்பி உள்ளே போவதற்குத் தொட்டியின் பாரம் அதை அமுக்க வேண்டும். படுத்திருக்கும் என் எந்திரத்தில் பாரம் ஏது? தண்டின் நுனியில் கம்பிக்கயிறு கட்டி, கப்பியின் மேலாக எடுத்து, உடைந்த ரோலரின் இரும்புத் துண்டொன்றைத் தொங்கவிட்டேன். எண்ணெயைத் திறந்துவிடும் லீவரை விட்டதும் அந்தப் பாரம் இறங்கித் தண்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அதை முதன்முதலில் பார்த்தபோது வீரய்யாகூடச் சிரித்தார்.

அமுக்கம் மிஞ்சினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி விடுவதற்கு ஒரு வால்வு உண்டு. அதற்குள் ஒரு குண்டு, அதன்மேல் ஒரு சுருள்வில். வில்லின் அடியில் வாஷர் போட்டால் வில் இறுகும், அமுக்கம் கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீமேக்கர் ஐயா இரண்டு விஷயம் கேட்டார். பம்பிலிருந்து உருளைக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஓஸ் பழையது, வெடிப்பு விழுந்தது. அது மாற வேண்டும். அமுக்கத்தைக் காட்டும் மானி ஒன்றும் வேண்டும். இரண்டுக்கும் கொழும்புக்கு எழுதினார். வருவதற்குள், ஓஸைச் சுற்றிக் கித்தான் துணி வரிந்து கம்பி கட்டினேன். பார்க்கப் புதிதுபோல் இருந்தது. அவர் தொட்டுப் பார்த்தார்.

"இது ஓசுக்கு உள்ளுக்கு ஏதும் செய்யுமோ, வெளியில வடிவா இருக்க மட்டும்தானோ?"

"கொஞ்ச நாளைக்குத் தாங்குங்க ஐயா."

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓட்டும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஓடிற்று. நேரான மரத்தையெல்லாம் அது ரொட்டி பிய்ப்பதுபோல் பிளந்தது. துரை வந்து பார்த்தார். வெள்ளைக்காரர், தோட்டத் தமிழ் பேசுவார். முற்றத்தில் நின்ற ஆட்களை எண்ணிவிட்டு, "இனி ஆறு ஆள் எதுக்கு? ரெண்டு ஆள் போதும்" என்றார். அவர்கள் முன்னாலேயே சொன்னார்.

அவர் போனதும் வீரய்யா என்னிடம் வந்தார்.

"தம்பி, மத்த நாலு பேரு எங்க போவாங்க?"

"அது தொரை விஷயம்ணே. நான் என்ன செய்ய?"

"நீ மிஷினு செஞ்சவன். ஒனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற."

எனக்குக் கோபம் வந்தது. கண் போகாமலிருக்கச் செய்ததற்கு இதுவா பதில் என்று நினைத்தேன். வாரைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் துரை மறுபடியும் வந்தார். குவியலின் ஓரத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த முறுக்கு விழுந்த ஒரு கட்டையைக் கைத்தடியால் தட்டி, "இது பிளக்கட்டும், பார்ப்போம்" என்றார். ஆப்பு நாலு அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. வால்வு கீச்சென்று கத்தி எண்ணெயைத் திருப்பி விட்டது. கட்டை அசையவில்லை. பின்னால் நின்றவர்களில் யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். "நாளைக்கு மறுபடி பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துரை போனார்.

அன்று சாயங்காலம் வால்வைக் கழற்றி ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டேன். டீமேக்கர் ஐயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். மானி இல்லாமல் எவ்வளவு அமுக்கம் ஏறும் என்று எப்படித் தெரியும் என்பார். பழைய ஓஸ் தாங்குமா என்பார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலையில் அந்தக் கட்டை வேட்டுப் போட்டதுபோல் வெடித்துப் பிளந்தது. துரை தலையாட்டிவிட்டுப் பண்டாரவளைக்குக் காரில் போனார். நான் பெருமையோடு வேலையைத் தொடர்ந்தேன். வீரய்யாதான் கட்டைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, எண்ணெ பனி மாதிரி தெறிக்குது" என்றார்.

நான் சுவரோரம் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பை நிறுத்தியிருக்க வேண்டும். வாரைத் தள்ளிவிட்டால் நின்றுவிடும், ஒரு நிமிஷ வேலை. நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்:

"எங்கேருந்து வருதுன்னு கைய வச்சுப் பாருங்கண்ணே."

அவர் இடது கை ஆட்காட்டி விரலைக் கித்தான்மேல் ஓட்டினார். சட்டென்று கையை உதறினார்.

"என்னாச்சு?"

"முள்ளு குத்துன மாதிரி இருந்துச்சு."

விரலின் நுனிக்குக் கீழே ஊசி முனையளவு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. கித்தானைக் கட்டிய கம்பி குத்தியிருக்கும் என்று நான் சொன்னேன். பம்பை நிறுத்தி, ஓஸைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் மருந்துக் காம்பராவுக்குப் போனார். அங்கிருந்த டிஸ்பென்சர் ஐயா அதில் மருந்து தடவி, முள் குத்தியதற்கெல்லாம் வேலையை விட்டு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

பகல் சங்கு ஊதியபோது வீரய்யா ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் இரண்டு மடங்கு வீங்கி, மெழுகுபோல் வெளுத்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன். தெரியவில்லை என்றார். உள்ளங்கைதான் நெருப்பாக எரிகிறது என்றார். சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த டீமேக்கர் ஐயா அதைப் பார்த்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன குத்தினது?"

"கம்பியா இருக்கும்னு நெனைக்கிறேங்க" என்றேன் நான்.

"கம்பியைக் கண்டனீரோ?"

"இல்லைங்க. எண்ணெ தெறிச்சுது. எங்கன்னு தடவிப் பாத்தாரு."

"பம்ப் ஓடினதோ, நிண்டதோ?"

"ஓடுச்சுங்க."

"வால்வில என்ன செய்தனீர்?"

"ஒரு வாஷர் கூடப் போட்டேங்க ஐயா. நேத்து சாயங்காலம்."

அடுத்த கேள்வி வரவில்லை. அவர் அலுவலகத்துக்கு ஓடினார். ஆறேழு வருஷத்தில் அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். டீசல் எஞ்சினின் விளக்கப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் குழாயைச் சோதிக்கும்போது கையை அதன் முன்னால் வைக்கக்கூடாது, அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், போனால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும் என்று அதில் ஒரு எச்சரிக்கை இருந்தது. நானும் அந்த எஞ்சினைத் தினமும் தொடுகிறவன்தான். அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"வீரய்யா, இது முள்ளுக் குத்தில்லை. எண்ணெய் உள்ளுக்குப் போயிருக்கு. உடன பதுளைக்குப் போகவேணும்" என்றார்.

துரையின் கார் பண்டாரவளையில். தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. அதில் அன்றைய ரயிலுக்குப் போகவேண்டிய தேயிலைப் பெட்டிகள் பாதி ஏறியிருந்தன. மீதியையும் ஏற்றி, ஹாலிஎல ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போவதென்றால் பொழுது சாய்ந்துவிடும். டீமேக்கர் ஐயா ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார். அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வெளியே வந்தார்.

"துரையிட்டக் கேக்காமல் ரெயிலை விடுறதோ? கொழும்பில இந்தச் சரக்குக்குக் காத்துக்கொண்டிருக்கினம்."

"நான் பதில் சொல்லுறன்."

"எழுத்தில தருவீரோ?"

"வந்து தாறன். இப்ப வழியை விடும்."

பாதிப் பெட்டிகளோடு லொறி ஸ்டேஷனில் நிற்காமல் தாண்டிற்று. வீரய்யா முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் டீமேக்கர் ஐயாவும் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில். அவர் புத்தகத்தை மடியில் வைத்து, ஒரு விரலைப் பக்கத்துக்கு அடையாளமாக உள்ளே விட்டிருந்தார். வழி நெடுக அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் நடுவயதுச் சிங்களவர். புள்ளியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், இதுவா என்பதுபோல் எங்களைப் பார்த்தார். டீமேக்கர் ஐயா புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்தார். டாக்டர் நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். எத்தனை மணிக்கு நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு அவர் நிற்கவில்லை. அரை மணிக்குள் வீரய்யாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். விரலை நீளவாட்டில் திறந்தபோது உள்ளங்கை வரை கறுப்பு எண்ணெய் இருந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். கழுவி, மூடாமல் விட்டிருந்தார். நான்கு நாள் கழித்து விரலின் மேல் இரண்டு கணுக்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் கொண்டுவந்திருந்தால் கையை எடுத்திருக்க வேண்டும் என்றார்.

வீரய்யாவின் மனைவி லெட்சுமி வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். கூடை தூக்கிய தழும்பு நெற்றியில் தெரிந்தது. மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"முள்ளு குத்துனதுக்கா வெரல எடுத்தாங்க?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து டீமேக்கர் ஐயா என்னைத் தன் மேசைக்கு அழைத்தார். விபத்துப் புத்தகம் திறந்திருந்தது. எந்திரத்துக்குப் பொறுப்பானவன் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"தொழிலாளியிட கவனக்குறைவு எண்டு எழுதினால் காணும் எண்டு துரை சொல்லுறார்" என்றார். போதும் என்பதை அவர் ஊரில் காணும் என்பார்கள்.

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே நாலு பேரைக் குறைக்க இருந்தார்கள். விரல் போன ஆளுக்கு, அதுவும் தன் தவறால் போனவருக்கு, பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்புவது சுலபம். பத்துச்சீட்டு வாங்கினால் லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களில் பலருக்கு எந்த நாட்டுப் பிரஜை என்பதே முடிவாகாமல் இருந்தது. தோட்டத்தில் பேர் இருப்பது ஒன்றுதான் பிடிமானம்.

"நான் என்னங்க எழுதட்டும்?"

"கை வைக்கச் சொன்னது ஆர்?"

"நான்தாங்க."

"அப்ப அதை எழுதும்."

"தொரை என்னைய நிப்பாட்டிருவாரே ஐயா."

"ஓம். நிப்பாட்டலாம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியாது" என்றார். "நான் கேட்டதுக்கு உமக்குத் தெரியும்." பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார்.

வாஷர் போட்டதை எழுதினேன். ஓஸைக் கித்தானால் மூடியதை எழுதினேன். பம்பை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், கை வைக்கச் சொன்னதை எழுதினேன். முக்கால் பக்கம் வந்தது. அவர் வந்து படித்தார். பிறகு உட்கார்ந்து கீழே தன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தார். புதிய ஓஸும் மானியும் வருவதற்கு முன் எந்திரத்தை ஓட்ட அனுமதித்தது தன் தவறு என்று அந்த வரி சொல்லிற்று. அவர் அதை எழுதியிருக்கத் தேவையில்லை. யாரும் கேட்கவில்லை.

துரை என்னை ஸ்டோரிலிருந்து எடுத்து ரோட்டு வேலைக்குப் போட்டார். ஐந்து மாதம் கல் உடைத்தேன், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினேன். வீரய்யாவின் பேர் வெட்டப்படவில்லை. பிட்டரின் கையெழுத்து புத்தகத்தில் இருக்கும்போது வெட்ட முடியவில்லை. டீமேக்கர் ஐயாவுக்கு, ரயிலைத் தவறவிட்டதற்கு, கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. அடுத்த வருஷம் பெரிய தொழிற்சாலை ஒன்றுக்கு அவரைக் கேட்டிருந்தார்களாம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. இதையெல்லாம் கிளாக்கர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த மழை பிடித்துக்கொண்டதும் விறகு போதவில்லை. எந்திரம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. துரை கேட்டபோது, செய்தவன் வந்தால்தான் ஓடும் என்று டீமேக்கர் ஐயா சொல்லியிருக்கிறார். என்னைத் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை வளையத் தேவையில்லாத இடமெல்லாம் இரும்புக் குழாய் போட்டேன். புது ஓஸின் மேல் தகரக் கூடு செய்தேன். மானி பொருத்தினேன். வாஷரை எடுத்தேன். இன்னொரு லீவரும் சேர்த்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் தள்ளும்படி மாற்றினேன்.

முடிக்கும் தறுவாயில் வீரய்யா வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"நீங்க எழுதுனத டீமேக்கரய்யா படிச்சுக் காட்டுனாரு" என்றார்.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். "தப்பு என்னோடதுதாண்ணே."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். எழுதிட்டா வெரலு வந்துருமா?" லீவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "இத ஓட்டப்போறது யாரு?"

"இன்னும் சொல்லலை."

"நான்தான் ஓட்டுவேன். வேற எவனும் இதுல கைய வைக்கக் கூடாது. தொரைகிட்ட நீங்களே சொல்லுங்க, பிட்டரய்யா."

அன்றிலிருந்து நான் அவருக்குப் பிட்டரய்யாதான். தம்பி என்று அவர் என்னை அழைக்கவில்லை.

எந்திரம் ஓடத் தொடங்கிய அன்று டீமேக்கர் ஐயா தமிழில் ஒரு பலகை எழுதி மாட்டினார். மானியில் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. முறுக்கு விழுந்த கட்டையையும் கணு உள்ள கட்டையையும் எந்திரத்தில் வைக்கக் கூடாது, அவற்றைக் கோடாலியால்தான் பிளக்க வேண்டும். எங்கள் மலையில் யூகலிப்டஸ் பாதிக்குமேல் முறுக்குத்தான். ஆறு பேருக்கும் வேலை இருந்தது. துரை பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சேப்டிக்காகவா?" என்று கேட்டார். "ஓம், முழுக்கச் சேப்டிக்குத்தான்" என்றார் டீமேக்கர் ஐயா. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீரய்யா ஆறு வருஷத்துக்குமேல் அதை ஓட்டினார். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் டீமேக்கர் ஐயா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். காலை ரயிலுக்கு ஹாலிஎல ஸ்டேஷனில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். சிலர் மாலை போட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் பின்னால் நின்ற வீரய்யாவைக் கண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"கையைக் காட்டும்."

வீரய்யா இடது கையை நீட்டினார். டீமேக்கர் ஐயா மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தார். மிச்சமிருந்த நாலு விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். வீரய்யா மடக்கினார். விரிக்கச் சொன்னார். விரித்தார். பிறகு தன் சுட்டுவிரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். ரயில் ஊதிற்று.

"இன்னும் இறுக்கும்" என்றார்.

வீரய்யா இறுக்கினார். அவருக்கு வலித்திருக்கும், முகம் சுருங்கிற்று.

"காணும்" என்று சொல்லிவிட்டு, விரலை விடுவித்துக்கொண்டு ரயிலில் ஏறினார்.